பழசு முதலில், புதுசு பின்னால்

குளிக்கும்போது தோன்றியதாம். தலையில் ஷாம்பு நுரையோடு நின்றபோது, ஸ்கேன் மெஷினை வேகமாக ஓட்டும் வழி பளிச்சென்று தோன்றியதாம் ஜெயசீலனுக்கு. சொல்லிவிட்டு அவனே முதலில் சிரித்தான். எதிரில் உட்கார்ந்திருந்த டாக்டர் ஃபௌசியா மரியாதைக்கு உதட்டை லேசாக விரித்தார். வடிவுக்குக் காதுமடல் இரண்டும் கொதித்தன. எடுபட்ட பயல், குளித்தானாம். நீ குளிச்சா ஒனக்குச் சளி பிடிக்கும், வேற என்னல வரும், என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். வெளியே பேனா மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். தரமணி ஆபீஸின் மீட்டிங் ரூமில் ஏசி குளிருக்குக் கை மயிரெல்லாம் எழுந்து நின்றது, உள்ளே என்னவோ உலை கொதிக்கிறது. அந்தக் கம்பெனி ஸ்கேன் மெஷின் செய்கிற கம்பெனி. ஜெயசீலன் மேனேஜர், வடிவு அவனுக்குக் கீழே புரோகிராம் எழுதுகிறவள். டாக்டர் ஃபௌசியா வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையின் இதயத்தைப் பார்த்துச் சொல்கிறவர், அவர் தலையாட்டினால் புது மெஷின் அவருடைய ஆஸ்பத்திரிக்குப் போகும். இதெல்லாம் அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். டாக்டருக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று, திரையில் பெரிய எழுத்தில் ‘நாலு மடங்கு வேகம்’ என்று மினுக்கிக்கொண்டிருக்கிறதே, அந்த வேகத்தை எழுதினவள் வடிவு. ஸ்லைடைப் போட்டவளும் அவள்தான். கீழே வலது மூலையில் சின்னதாக அவள் பெயர் இருந்தது. இப்போது அந்த இடத்தில் கம்பெனியின் சின்னம் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. அழித்திருக்கிறான். மவுஸை வைத்து, அவள் பெயரைத் தேடிப் பிடித்து, தட்டி, அழித்திருக்கிறான். அதுக்கும் ஒரு மனசு வேணுமே. வடிவு பேனா மூடியை மறுபடி திறந்தாள்.

அவன் குளித்த நேரத்தில் இவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? மடிப்பாக்கத்து வீட்டில் ஒரு பக்கம் கிரைண்டர் கடகடவென்று ஓட, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு கண்ணைக் கெடுத்துக்கொண்டிருந்தாள். மாவு பொங்கி வழிந்தது, வழிந்ததைத் துடைக்கக்கூட எழுந்திருக்கவில்லை. ‘அப்படி என்னத்தத்தான் எழுதுத?’ என்று கணவன் சங்கரபாண்டி கேட்டதற்கு, அடுப்படியைக் காட்டித்தான் விளக்கினாள். பரணில் அரிசி பருப்பு எல்லாம் இருக்கு, ஆனா ஏறி எடுக்க நேரமாகும். அடுப்புக்குப் பக்கத்துல சின்னதா ஒரு அலமாரி இருக்கு, அதுல கொஞ்சம்தான் கொள்ளும், ஆனா கைய நீட்டினா எடுத்துரலாம். கம்ப்யூட்டருக்கும் அப்படித்தான், மெமரிங்கிறது பரண், கேஷ்ங்கிறது பக்கத்து அலமாரி. ஸ்கேன் மெஷின் வயிற்றைப் பார்த்து அனுப்புற படத்த ஓயாம ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்குப் பிரதி எடுத்துக்கிட்டே இருக்கணும், ஒவ்வொரு துண்டுக்கும் பரண் ஏறினா படம் திக்கித் திக்கித்தான் வரும். அதனால கடுகு வெடிக்கும்போதே பருப்ப எடுத்து வைன்னு முன்கூட்டியே சொல்லி வச்சிரணும், அலமாரிக்குள்ள எத்தன அடங்குமோ அத்தனையத்தனையா இழுத்துட்டு வரணும், பிரதி எடுத்து முடிச்சத அலமாரியில அடைக்காம நேரா வெளிய அனுப்பிரணும், இல்லேன்னா அடுத்ததுக்கு இடம் இருக்காது. சங்கரபாண்டி காதைக் குடைந்துகொண்டே கேட்டுவிட்டு, ‘பக்கத்துல எடுத்து வச்சுக்கிட்டுச் சமைக்கிறது ஒரு கண்டுபிடிப்பா? எங்க அம்மா செஞ்சதுதானட்டி’ என்றான். அன்றைக்கு அவனோடு பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் புரோகிராம் ஓடியது. பழசையும் புதுசையும் அடுத்தடுத்து ஓட்டி அளந்து பார்த்தபோது நாலு மடங்கு வேகம் என்று வந்தது, வடிவு கிரைண்டர் கல்லைக் கட்டிக்கொண்டு ஆடாததுதான் பாக்கி. மறுநாள் கேன்டீனில் எல்லோர் முன்னாலும் பழைய புரோகிராமைப் பற்றிச் சொன்னாள், ‘அது புரோகிராமாங்க? மாட்டு வண்டி.’ பழசை எழுதினது மெர்லின். அதே மேசையில்தான் உட்கார்ந்திருந்தாள். எல்லோரோடும் சேர்ந்து சிரித்துவிட்டு டிபன் பாக்ஸ் மூடியை அழுத்தி அழுத்தி மூடினாள், ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. அது ஏன் இப்போது ஞாபகம் வருகிறது. மெர்லின் இதோ சுவரோரம் உட்கார்ந்து ஜெயசீலனுக்காகக் கம்ப்யூட்டரை இயக்கிக்கொண்டிருக்கிறாள், அவன் கண்ணைக் காட்டினால் இவள் பட்டனை அமுக்குகிறாள். அவளைப் பற்றி இப்போது யாருக்கு என்ன. குளித்தானாம்.

‘அடுத்தது படத்தையே பாத்துடலாம் டாக்டர்,’ என்றான் ஜெயசீலன். மெர்லின் அமுக்கினாள். கருப்புத் திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு குட்டி இதயம், கொட்டைப்பாக்கு அளவு இருக்கும், மூடித் திறந்து மூடித் திறந்து துடித்தது. ஆரம்பத்தில் கொஞ்சம் திக்கியது, அப்புறம் வழவழவென்று ஓடியது. சின்னத் துண்டுப் படம்தான், முடிந்ததும் தானாகவே மறுபடி முதலிலிருந்து ஓடுகிற மாதிரி வைத்திருந்தார்கள். அதே இதயம், அதே துடிப்பு, ஓரத்தில் அதே வெள்ளைப் புள்ளி. ‘பாருங்க எவ்வளவு ஸ்மூத்தா போகுது. எங்க டீமுக்கு நான் சொன்னதே ஒண்ணுதான், மெமரிகிட்ட போய்க் கெஞ்சாதீங்க, அதை உங்ககிட்ட வரவைங்க.’ அடப்பாவி. அது அவள் சொன்ன வாக்கியம். கேன்டீனில், இட்லியைப் பிட்டுக்கொண்டே, இவனிடமே சொன்ன வாக்கியம். வாக்கியத்தைக்கூட விடவில்லையே, கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடுகிறவன்கூடத் தாலியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போவான். எழுந்து நின்று சொல்லிவிடலாமா? சொன்னால் என்ன ஆகும், வடிவுக்கு வாய் நீளம் என்பார்கள், டீம் ஸ்பிரிட் இல்லை என்பார்கள், போன வருஷ அப்ரைசலிலும் அதைத்தான் எழுதினார்கள். சொல்லாவிட்டால் இந்தக் கம்பெனியில் இன்னும் பத்து வருஷம் வேலை பார்த்தாலும் அவள் யாரோதான். அவளுக்கு ஒன்றும் மாலை மரியாதை வேண்டாம். இது வடிவு எழுதினது, இந்த ஒரு வாக்கியம், அதுவும் அவன் வாயிலிருந்து, நாலு பேர் நடுவில். கேட்டால் போதும். கேக் வெட்டவேண்டாம். குளித்தானாம், பெயரை அழித்தானாம், வாக்கியத்தைத் திருடினானாம். குளித்தானாம், அழித்தானாம். திரையில் இதயம் மூடித் திறந்தது, வெள்ளைப் புள்ளி வந்து போனது, குளித்தானாம், அழித்தானாம். கோபம் எத்தனை லேசாக ஓடுகிறது. காலையில் அந்த ஸ்லைடை முதன்முதலில் பார்த்தபோது திக்கென்றிருந்தது, என்ன நடந்தது என்றே பிடிபடாமல் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கவேண்டியிருந்தது. இப்போது எல்லாமே கைக்கெட்டுகிற இடத்தில் இருக்கிறது, எடுக்க எடுக்க வருகிறது.

‘ஒரு சந்தேகம்,’ என்றார் டாக்டர் ஃபௌசியா. கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டா நுனியால் துடைத்துக்கொண்டே கேட்டார். ‘முதல் தடவை ஓடினப்ப மட்டும் ஏன் திக்குச்சு?’ ஜெயசீலன் மின்னல் மாதிரி பதில் சொன்னான், ‘ப்ரொஜெக்டர் கேபிள் டாக்டர். எவ்வளவோ தடவை மாத்தச் சொல்லிட்டேன்.’ அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ‘இல்ல, எதுக்குக் கேக்கறேன்னா, எனக்கு ஒரு துடிப்பு விட்டா அது மெஷின் விட்டதா, குழந்தை விட்டதான்னு தெரியணும். குழந்தைதான் விட்டுச்சுன்னு நினைச்சு அந்தப் பொண்ணுக்கு நான் மருந்து ஆரம்பிச்சுட்டா?’ ‘சான்ஸே இல்ல டாக்டர்,’ என்றான் ஜெயசீலன். கேபிளாம். கேபிள் என்றால் நடுவிலும் திக்கும், முடிவிலும் திக்கும், அது என்ன முதல் தடவை மட்டும் திக்குகிற கேபிள்? புளுகுவதற்கும் ஒரு முறை வேண்டாமா கோட்டிக்காரா, என்று வடிவு பல்லைக் கடித்தாள். கடித்த பல் கடித்தபடியே நின்றது. முதல் தடவை மட்டும். முதல் தடவை பரணிலிருந்து வந்தது. இரண்டாவது தடவையிலிருந்து பக்கத்து அலமாரியிலிருந்து வருகிறது, ஏனென்றால் அதே படம், சின்னப் படம், அப்படியே அடங்கிவிட்டது. அது இவள் புரோகிராமின் கெட்டிக்காரத்தனமே இல்லை, எந்தக் கழுதை ஓடியிருந்தாலும் இரண்டாவது தடவை வழவழவென்றுதான் ஓடியிருக்கும். அப்படியென்றால் அந்த நாலு மடங்கு? பேனா மூடி கையிலிருந்து நழுவி மேசைக்கு அடியில் உருண்டது. வடிவு குனியவில்லை.

எப்படி அளந்தாள்? இந்த ஆபீஸில் எல்லோரும் எப்படி அளப்பார்களோ அப்படித்தான். பழசு முதலில், புதுசு பின்னால். உடம்பு இளைக்கிற விளம்பரத்தில் முன்னால் இப்படி, பின்னால் இப்படி என்று போடுகிறார்களே, அந்த மாதிரிதான் இங்கே எல்லா ஸ்லைடும், யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை, வழக்கம். ஒரே படத்தை எடுத்தாள். முதலில் மெர்லினின் பழைய புரோகிராம் ஓடியது. படம் முழுக்கப் பரணில் கிடந்தது, பாவம் அது ஒவ்வொரு துண்டாக ஏறி இறங்கி, மூச்சு வாங்கி, எல்லாவற்றையும் அலமாரிக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அது முடித்த அடுத்த நொடியே, அதே படத்தை வைத்து, இவளுடைய புரோகிராம். எல்லாம் பக்கத்திலேயே தயாராக இருந்தது. மகாராணி மாதிரி வந்து கையை நீட்டி எடுத்துக்கொண்டு, நான்தான் நாலு மடங்கு என்று சொல்லிவிட்டது. வடிவுக்குக் கழுத்தில் வியர்த்தது, அந்தக் குளிரிலும். மெர்லினுடையது சுமந்தது, இவளுடையது பேர் வாங்கிக்கொண்டது. அட மூதி. அட செத்த மூதி. இவள் எழுதினது இவளுக்குத் தெரியாமலேயே ஜெயசீலன் வேலையைப் பார்த்திருக்கிறது, அதைக் கொண்டுபோய்க் கேன்டீனில் வைத்து இவள் மாட்டு வண்டி என்று வேறு சொல்லியிருக்கிறாள். மெர்லின் டிபன் பாக்ஸை மூடினாளே. மூடியிருந்ததையே மூடினாளே. முன்கூட்டிச் சொல்லி வைக்கிற வித்தையால் கொஞ்சம் வேகம் கூடியிருக்கும், கூடாமல் இருக்காது, ஆனால் நாலு மடங்கு இல்லை, ரெண்டு மடங்குகூட இல்லை. நிஜமான வயிற்றில் மெஷினை வைத்தால் ஒவ்வொரு படமும் புதுப் படம், முன்னால் ஓடி அலமாரியை நிரப்பிக் கொடுக்க யாரும் கிடையாது. அங்கே திக்கும். அங்கே எல்லாமே முதல் தடவைதான். கோபம் ஒரு நொடி யாரிடம் போவதென்று தெரியாமல் நின்றது, அப்புறம் இவள் மேலேயே பாய்ந்தது.

பாய்ந்து முடிந்ததும் ஒரு யோசனை வந்தது, வந்த யோசனை பாயசம் மாதிரி இனித்தது. சும்மா இருந்துவிட்டால்? பேர் யாருடையது, ஜெயசீலன் பேர்தானே. குளித்தது யார், அவன்தானே. மெஷின் போகட்டும், ஆஸ்பத்திரியில் திக்கட்டும், இது யார் செய்தது என்று கேட்கட்டும், குளியலறையிலிருந்து வரட்டும் பதில். வடிவு என்று ஒருத்தி அந்த ஸ்லைடில் கிடையாது. அழித்தது நீதானே ராசா, அனுபவி. உன் மினுக்கும் போச்சு உன் குலுக்கும் போச்சு என்று இவள் ஓரமாக உட்கார்ந்து இட்லி சாப்பிடலாம். பேனா மூடி போனது போனதுதான் என்று காலை நீட்டி உட்கார்ந்தாள். திரையில் அந்தக் குட்டி இதயம் மூடித் திறந்தது. மூடித் திறந்தது. யாருடைய குழந்தையோ. அந்தத் தாய்க்குத் தெரியுமா தன் பிள்ளையின் நெஞ்சு தரமணியில் இப்படி ஓடிக்கொண்டிருப்பது? வடிவும் ஒரு நாள் பிள்ளையைச் சுமந்துகொண்டு மல்லாந்து படுத்திருந்தாள், பாளையங்கோட்டையில், வயிற்றில் அந்தக் களிம்பு ஜில்லென்று வழிந்துகொண்டிருந்தது, தலைக்குமேல் மின்விசிறி ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றியது. திரையில் துடித்துக்கொண்டிருந்தது நின்றுவிட்டது. ஸ்கேன் பார்த்த அம்மா கையால் மெஷினைத் தட்டினார், இவள் பக்கம் திரும்பவே இல்லை, ‘கொஞ்சம் இருங்க’ என்றார். கொஞ்சம் என்றால் எவ்வளவு? சங்கரபாண்டி வெளியே நிற்கிறான், அவனைக் கூப்பிடவேண்டும், வாய் வரவில்லை. மின்விசிறி சுற்றியது, கூரையில் ஒரு கறை இருந்தது, ஆட்டுக்கல் மாதிரி இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், செத்துப்போச்சு, என் பிள்ளை செத்துப்போச்சு, நான் மதியம் மாடிப்படி ஏறினேன், நான்தான் கொன்னேன். அப்புறம் மெஷினை அணைத்து மறுபடி போட்டார்கள், இதயம் வந்துவிட்டது, ‘மெஷின் பழசும்மா, பயந்துட்டீங்களா?’ என்று அந்த அம்மா சிரித்தார். அந்தப் பிள்ளை பூங்கோதை இன்றைக்குக் காலையில் சாக்ஸ் காணோம் என்று வீட்டையே இரண்டாக்கிவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். ஆனால் அந்தக் கூரைக் கறை இன்னமும் வடிவின் கண்ணுக்குள் இருக்கிறது, எந்த அலமாரியில் இருக்கிறதோ, கேட்காமலே வருகிறது. ஜெயசீலன் கீழே விழவேண்டுமென்றால் நடுவில் ஒருத்தி மல்லாந்து படுக்கவேண்டும். கூரையைப் பார்க்கவேண்டும். வேண்டாம்ல. ஒனக்காக அது வேண்டாம்.

‘அப்ப லஞ்சுக்குப் போகலாமா டாக்டர்?’ என்று ஜெயசீலன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். ‘கேபிள் இல்ல டாக்டர்,’ என்றாள் வடிவு. தன் குரல் இத்தனை சத்தமாக வரும் என்று அவளே நினைக்கவில்லை. ஜெயசீலன் சிரித்தபடியே திரும்பினான், ‘வடிவும்மா, நாம அப்புறம் பேசலாமே.’ ‘அப்புறம் இல்ல சார், இப்பவே. அந்த நாலு மடங்கு தப்பு. பழசையும் புதுசையும் ஒரே படத்தை வச்சு அடுத்தடுத்து ஓட்டியிருக்கு. பழசு முதல்ல ஓடி எல்லாத்தையும் பக்கத்துல இழுத்துட்டு வந்து வச்சிடுச்சு, புதுசு நோகாம எடுத்துக்கிச்சு. இந்தப் படம் ரெண்டாவது ரவுண்டுல வழவழன்னு ஓடுதே, அதுவும் அந்த மாதிரிதான். உங்க பேஷன்ட்டுக்கு ஒவ்வொரு படமும் புதுசா வரும். அப்ப திக்கும்.’ டாக்டர் ஃபௌசியா திரையைப் பார்த்தார், வடிவைப் பார்த்தார், அப்புறம் ஜெயசீலன் பக்கம் திரும்பிக் கேட்டார், ‘யார் எழுதினது இதை?’

‘இவங்கதான் டாக்டர்,’ என்றான் ஜெயசீலன். யோசிக்கவேயில்லை, மூச்சுகூட விடவில்லை, கையை முழுசாக நீட்டி அவளைக் காட்டினான். ‘முழுக்க முழுக்க வடிவு எழுதினது. அளந்து பாத்ததும் அவங்கதான். நான் தொடவே இல்ல.’ வந்துவிட்டது. எந்த வாக்கியத்துக்காகக் காலையிலிருந்து வெந்துகொண்டிருந்தாளோ அந்த வாக்கியம், அவன் வாயிலிருந்தே, நாலு பேர் நடுவில், ஒரு எழுத்துக் குறையாமல் வந்துவிட்டது. கேட்டது கிடைத்துவிட்டது, எடுத்துக்கொள்ளடி மகராசி. வடிவுக்கு வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது, சிரிப்பா வேறு ஏதாவதா என்று அவளுக்கே தெரியவில்லை, கண் எரிந்தது. ‘ஆமா டாக்டர், நான்தான் எழுதினேன். தப்பா அளந்ததும் நான்தான்,’ என்றாள். ‘சார் குளிச்சாரு. அவ்வளவுதான்.’ டாக்டர் ஃபௌசியா இந்த முறை மரியாதைக்குச் சிரிக்கவில்லை, நிஜமாகவே சிரித்துவிட்டார், ஆனால் எழுந்திருக்கவில்லை, நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். ‘சரி, உண்மையிலேயே எவ்வளவுதான் வேகம்? காட்டுங்க.’ வடிவு சுவரோரம் திரும்பினாள். மெர்லின் மவுஸில் கை வைத்தபடி இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மாட்டு வண்டிப் பேச்சுக்கு என்ன சொல்வது, எப்படிச் சொல்வது, இத்தனை பேர் நடுவில் சொன்னதை இத்தனை பேர் நடுவில்தான் எடுக்கவேண்டும். ‘மெர்லின், ஒவ்வொண்ணுக்கும் வேற வேற புதுப் படம் போடு,’ என்றாள். ‘உன்னோடதும் ஓடட்டும், என்னோடதும் ஓடட்டும். உன்னோடது மாட்டு வண்டி இல்ல, நான் சொன்னது தப்பு.’ மெர்லின் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். ‘வழக்கம்போல பழச முதல்ல ஓட்டவாக்கா?’ ‘இல்ல,’ என்றாள் வடிவு. ‘என்னோடத முதல்ல ஓட்டு.’ மெர்லின் பட்டனை அமுக்கினாள். திரையில் யாரோ ஒரு புதுக் குழந்தையின் இதயம் வந்தது. வடிவு எழுதினது திக்கித் திக்கி ஓடத் தொடங்கியது, முன்னால் போய்ச் சுமந்து வைக்க யாரும் இல்லாமல்.